அப்பாவுக்கு ஆப்பிரிக்க யானையைக் காட்ட வேண்டும்: க்ரூகரா, மசாய் மாராவா?

சோலையாறு | நவம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில், மகளின் காலாண்டு விடுமுறையோடு சில நாள் சேர்த்து, ஆப்பிரிக்கக் காடு ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம்.

இது அப்பாவுக்கான பயணம். அவருக்கு 68 வயது. வேலை பார்த்த காலமெல்லாம் வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில்தான். ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் யானைக்கு வழிவிட்டு ஒரு மணி நேரம் நின்ற கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். "அந்த ஊர் யானை வேற மாதிரி இருக்குமாமே, ஒரு தடவை பார்த்துடணும்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வருடம் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனது. நடப்பார், ஆனால் குலுங்கும் வண்டியில் நீண்ட நேரம் உட்கார முடியாது. அம்மாவுக்கு 64, சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மகளுக்கு 9. என்னையும் கணவரையும் சேர்த்து ஐந்து பேர். காட்டுக்குள் எட்டு இரவு தங்கலாம்.

ஒரு முகவர் கென்யாவுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். எட்டு நாளில் மசாய் மாரா உட்பட நான்கு பூங்கா. கணக்குப் பார்த்தால் பாதி நேரம் வேனிலேயே போய்விடும் போலிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகரில் நாமே கார் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார் ஒரு தோழி. சிங்கம் இருக்கும் இடத்தில் நாமே ஓட்டுவதா என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஜோபர்க்வாசி | நவம்பர் 9

சகோதரி, நான் ஜொகன்னஸ்பர்க்கில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். க்ரூகருக்கு முப்பது தடவைக்கு மேல் போயிருப்பேன். என் அப்பா அம்மாவையும் இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறேன். நீங்கள் சொன்ன குடும்பத்துக்கு க்ரூகர்தான் சரி என்பேன். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் பற்றி. இங்கே வண்டி ஓட்டுவது நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான். பூங்காவின் முக்கியச் சாலைகள் எல்லாம் தார்ச்சாலை. தாரில் மணிக்கு 50 கி.மீ., மண் சாலையில் 40, அதற்கு மேல் கூடாது. சாதாரணச் சின்னக் கார் போதும், ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. நீங்கள் ஐந்து பேர் என்பதால் ஏழு இருக்கை வண்டியாக எடுங்கள், கடைசி வரிசையை மடக்கிப் பெட்டிகளை வைக்கலாம். குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கையோ தலையோ வெளியே நீட்டக் கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் போதும். சிங்கம் காருக்குப் பக்கத்தில் நடந்து போகும், உள்ளே இருப்பவர்களை ஏறெடுத்தும் பார்க்காது.

தாரில் போவதால் குலுக்கல் இல்லை. அப்பாவுக்குக் கால் நீட்ட வேண்டுமா, முன் இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், திரும்பலாம், மதியம் முகாமுக்கு வந்து தூங்கலாம். வழிகாட்டி வண்டியில் போனால் மற்றவர்களின் நேரத்துக்குத்தான் எல்லாம் நடக்கும்.

பூங்கா மிகப் பெரியது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 350 கி.மீ. நீளம், பரப்பு 19 ஆயிரம் சதுர கி.மீ.க்கு மேல். அதனால் எட்டு இரவில் முழுவதையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். மூன்று முகாம் போதும்: லோயர் சாபி 3 இரவு, சதாரா 3, ஸ்குகூசா 2.

இந்த மூன்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பூங்காவின் மேற்குப் பாதி கருங்கல் பாறை, கிழக்குப் பாதி எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட். நம் கரிசல் மண் மாதிரி, பசால்ட் மண்ணிலும் சத்து அதிகம். அதில் முளைக்கும் புல்லை வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மானும் தேடி வரும். அவற்றைத் தேடிச் சிங்கம் வரும். சதாரா அந்த மண்ணில்தான் இருக்கிறது. அங்கே கண்ணுக்கு எட்டும் தூரம் வரை புல்வெளி. லோயர் சாபி ஆற்றங்கரை முகாம். சாபி வற்றாத ஆறு. செப்டம்பர் கடைசி என்பது வறண்ட பருவத்தின் முடிவு, காட்டுக்குள் குட்டைகள் எல்லாம் காய்ந்திருக்கும், யானைக்கூட்டங்கள் ஆற்றுக்கு வந்தே தீர வேண்டும். உங்கள் அப்பா எங்கும் அலைய வேண்டாம். அந்த முகாமின் உணவக மரத்தளத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால், யானை அவரைத் தேடி வரும்.

முன்பதிவு அரசின் தேசியப் பூங்காத் துறை இணையதளத்தில். பல மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும். உங்கள் தேதி இங்கே பள்ளி விடுமுறையோடும் செப்டம்பர் 24 பாரம்பரிய நாளோடும் ஒட்டி வருகிறது. ஆகவே இடம் திறந்த அன்றே போடுங்கள். சமையலறையோடு கூடிய குடில் கேளுங்கள்.

---

மாராவின்_மைந்தன் | நவம்பர் 10

ஜோபர்க்வாசி அண்ணன் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் மாராவை இப்படி ஒதுக்கிவிட வேண்டாம் என்று தோன்றுகிறது.

நான் 2023 ஆகஸ்டில் போனேன். பக்கத்து நாடான தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கில் வில்டபீஸ்ட் மாரா ஆற்றுக்கு வரும் காலம். கரையில் அவை நின்று நின்று தயங்கும். ஒன்று இறங்கும், திரும்பி ஏறும். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பிறகு எது முதலில் குதித்தது என்றே தெரியவில்லை, மொத்தக் கூட்டமும் ஆற்றில் இறங்கிவிட்டது. அந்தச் சத்தமும் புழுதியும் மணமும் இன்றும் எனக்குள் இருக்கின்றன. உலகில் வேறு எங்கும் அதற்கு ஈடு கிடையாது.

இன்னொன்று, வழிகாட்டியின் கண். எங்கள் வழிகாட்டி மசாய்க்காரர். ஓடும் வண்டியிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளிப் புல்லுக்குள் இருந்த சிவிங்கிப்புலியின் காது நுனியைக் காட்டினார். நாமே ஓட்டினால் அதைத் தாண்டிப் போயிருப்போம்.

மனதை உறுத்திய ஒன்றும் நடந்தது. ஆற்றைக் கடக்கும் அந்த இடத்தில் ஐம்பது வண்டிக்கு மேல் நின்றன. சில ஓட்டுநர்கள் நல்ல கோணம் வேண்டும் என்று கரை விளிம்பு வரை போய், விலங்குகள் ஏறும் வழியையே மறித்தார்கள். எங்களுக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் அதனால் திரும்பிப் போனது. ஆகவே மாராவுக்குப் போவதென்றால், காப்பகத்தை ஒட்டியிருக்கும் நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்ற தனிப் பாதுகாப்பு நிலங்களில் தங்குங்கள். அவை மசாய் குடும்பங்களின் சொந்த நிலம். தங்கும் விடுதிகள் மாதந்தோறும் அவர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுக்கின்றன. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்க விடுவதில்லை.

செலவு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். காப்பக நுழைவுக் கட்டணமே 2024 முதல், ஜூலை தொடங்கி டிசம்பர் வரை, வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர்.

---

வெண்சங்கு | நவம்பர் 10

நான் மருத்துவர். பயணத்தைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் இல்லை, ஆனால் இந்தக் குடும்பத்தின் வயதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

கென்யா மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடு. அங்கிருந்து இந்தியா திரும்பும்போது தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அந்த ஊசியைக் குறைந்தது பத்து நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பிரச்சினை என்னவென்றால், அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதுக்கு மேல் முதல் முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிட அதிகம். உங்கள் அப்பா அம்மா இருவரும் அந்த வயதில் இருக்கிறார்கள். மருத்துவரிடம் பேசாமல் கென்யாவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் அந்த நோய் கிடையாது. ஆனால் விமானம் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போய், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சான்று கேட்பார்கள். துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தச் சிக்கலே இல்லை.

மலேரியா வேறு விஷயம். க்ரூகர் மலேரியா பகுதி, செப்டம்பரிலிருந்து மே வரை பரவும் காலம். தடுப்பு மாத்திரை உண்டு. சிலது கிளம்பும் ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பி வந்து ஏழு நாள் வரை, சிலது நான்கு வாரம் வரை. குழந்தைக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும். அப்பா வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறார் என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். மாலையில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு. ஊர் திரும்பிச் சில மாதங்களுக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கே இருப்பது ஃபால்சிபாரம் வகை, தாமதம் செய்தால் உயிருக்கு ஆபத்து.

---

சோலையாறு | நவம்பர் 11

வெண்சங்கு டாக்டர், மிக்க நன்றி. எங்கள் முகவர் இந்த ஊசி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைப் படித்ததும் வீட்டில் பேசி க்ரூகர் என்று முடிவு செய்துவிட்டோம். மாராவின்_மைந்தன், நீங்கள் எழுதிய ஆற்றுக் காட்சியை மகளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். நானும் கணவரும் பிறகொரு நாள் அவளோடு அங்கே போவோம்.

---

கார்முகில் | நவம்பர் 13

முடிவு செய்துவிட்டீர்கள், இருந்தாலும் என் அனுபவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் க்ரூகரில் நான்கு நாள் நாங்களே ஓட்டினோம். தினமும் பத்து மணி நேரம். சிறுத்தை கண்ணில் படவே இல்லை. ஒரே ஒரு இடத்தில் மரத்தடியில் சிறுத்தை இருக்கிறது என்றார்கள், முன்னால் முப்பது கார். எங்களுக்கு வால்கூடத் தெரியவில்லை. இவ்வளவு செலவு செய்து ஐந்து பெரிய விலங்கில் மூன்றுதான் பார்த்தோம் என்ற ஏமாற்றத்தோடுதான் திரும்பினேன்.

அதன்பின் அடுத்த தடவை மேற்கு எல்லையில் இருக்கும் சாபி சாண்ட் தனியார் காப்பகத்தில் இரண்டு இரவு தங்கினோம். க்ரூகருக்கும் அதற்கும் இடையே 1993 முதல் வேலி கிடையாது, அதே விலங்குகள்தான். ஆனால் அங்கே திறந்த வண்டி, பானட்டின் மேல் தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். மண்ணில் கால்தடத்தைப் பார்த்துச் சிறுத்தையைத் தேடிக் கண்டுபிடித்தார். சாலையை விட்டு உள்ளே போகவும் அங்கே அனுமதி உண்டு. ஒரு சமயத்தில் இரண்டு மூன்று வண்டிதான் நிற்கும். விலை ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்குப் பல நூறு டாலர், சில விடுதிகளில் சின்னக் குழந்தைகளைச் சேர்க்க மாட்டார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் கடைசி இரண்டு இரவை அங்கே வையுங்கள்.

---

பனங்காடை | நவம்பர் 13

கார்முகில், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தினமும் பத்து மணி நேரம் ஓட்டியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஓட ஓடக் காடு நமக்குப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும்.

"ஐந்து பெரிய விலங்கு" என்ற பட்டியலே வேட்டைக்காரர்கள் வைத்தது. நடந்து போய்ச் சுட மிகவும் ஆபத்தானவை எவை என்று அவர்கள் போட்ட கணக்கு அது: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. ஒட்டகச்சிவிங்கி அதில் இல்லை. காட்டுநாய் இல்லை. நீர்யானைகூட இல்லை. துப்பாக்கி தூக்கியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நாம் ஏன் நம் பயணத்தை அளக்க வேண்டும்?

நான் பறவைக்காகப் போகிறவன். க்ரூகரில் 500 வகைக்கு மேல் பறவை உண்டு. ஸ்குகூசா பக்கத்தில் லேக் பானிக் என்று ஒரு மறைவிடம் இருக்கிறது. நீருக்கு மேல் மரக்குடில், பெஞ்சு, குறுகிய திறப்புகள். காலை ஆறரைக்குப் போய் உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். பிறகு நீர்யானையின் காது ஒன்று எழும். மீன்கொத்தி கிளைக்கு வரும். எதிர்க்கரையில் மறிமான் தண்ணீர் குடிக்க வந்து, முதலையைப் பார்த்து ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கும். ஒரு நாள் மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தேன். கிளம்பும்போது பக்கத்துக் கரையில் சிறுத்தை ஒன்று இறங்கி வந்து நீர் குடித்தது. தேடிப் போயிருந்தால் கிடைத்திருக்காது.

லோயர் சாபியில் சன்செட் டாம் என்று ஒரு ஏரி, முகாம் வாசலிலிருந்து சில நிமிடம்தான். காரை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்துவிடுங்கள். அப்பாவுக்கும் அதுதான் வசதி.

ஆளுக்கொரு பைனாகுலர் வாங்குங்கள், 8x42 நல்லது. ஒன்றை ஐந்து பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் பறவை போய்விடும். என் பெயரில் இருக்கும் பறவையின் உறவு ஒன்று அங்கே கம்பம் கம்பமாக உட்கார்ந்திருக்கும். மார்பு இளஞ்சிவப்பு, வயிறு நீலம். உங்கள் மகளுக்கு அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

---

கார்முகில் | நவம்பர் 14

பட்டியல் வைத்திருந்தது தவறு என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஒரு தடவைதான் போக முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குச் சிறுத்தையைப் பார்க்கும் ஆசை இருப்பது தப்பில்லையே. தடம் பார்ப்பவரின் அறிவைப் பக்கத்தில் இருந்து பார்த்ததே எனக்குப் பெரிய அனுபவம். அதையும் மதிக்க வேண்டும்.

---

பனங்காடை | நவம்பர் 14

நிச்சயமாக. அந்த அறிவுக்கு முன்னால் நானெல்லாம் மாணவன்தான்.

---

சோலையாறு | நவம்பர் 16

இரண்டு கேள்வி. காண்டாமிருகம் எந்தச் சாலையில் அதிகம் தெரியும்? அப்புறம், யானை சாலையை மறித்தால் என்ன செய்வது?

---

ஜோபர்க்வாசி | நவம்பர் 16

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், தவறாக நினைக்காதீர்கள். இங்கே யாரும் எழுதவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2014இல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்றார்கள். பெரும்பாலானவை க்ரூகரில். 2011 வாக்கில் க்ரூகரில் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த வெள்ளைக் காண்டாமிருகம், 2020இல் மூவாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. கொம்பு என்பது நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். அதற்காக இவ்வளவு சாவு. இப்போது பலவற்றுக்குக் கொம்பை அறுத்தே விட்டிருக்கிறார்கள், வலிக்காது, திரும்ப வளரும். மற்ற விலங்குகளை எங்கே பார்த்தோம் என்று முகாம் வரவேற்பறை வரைபடத்தில் வண்ணக் காந்தம் ஒட்டலாம். காண்டாமிருகத்துக்கு மட்டும் ஒட்டக் கூடாது. படம் எடுத்தால் இடக் குறிப்பை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

யானைக்கு வருகிறேன். தூரத்தில் பார்த்ததுமே நின்றுவிடுங்கள். பின்னால் வரும் காருக்கும் பின்வாங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் போகக் கூடாது. அது நம்மை நோக்கி நடந்து வந்தால் மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டும், ஹாரன் அடிக்கவே கூடாது. தனியாக வரும் ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வடிந்தால், பின்னங்கால்களில் ஈரம் சொட்டினால், நிறைய இடம் விடுங்கள். இதையெல்லாம் நான் உங்கள் அப்பாவுக்குச் சொல்லத் தேவையே இல்லை. வால்பாறையில் இருந்தவருக்கு மதம் என்றால் என்னவென்று தெரியும். அவரை முன் இருக்கையில் உட்கார வைத்து, யானை விஷயத்தில் அவர் சொல்வதைக் கணவர் கேட்கட்டும்.

---

பொந்தன்புளி | நவம்பர் 20

தாமதமாக வருகிறேன். யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் காடு ஆளில்லாமல் இருந்த இடமல்ல.

வடகோடியில், லிம்போபோவும் லுவுவு ஆறும் சேரும் பஃபூரி முக்கோணத்தில் மக்குலேகே மக்கள் வாழ்ந்தார்கள். 1969இல் நிறவெறி அரசு அவர்களை வெளியேற்றி அந்த நிலத்தைப் பூங்காவில் சேர்த்தது. ஜனநாயகம் வந்த பிறகு அவர்கள் வழக்குத் தொடுத்து, 1998இல் சுமார் 24,000 ஹெக்டேர் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். பெற்றவர்கள் அதைக் காடாகவே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்து, பூங்காத் துறையோடு சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். அங்கே நடக்கும் விடுதிகளின் வருமானம் அவர்களுக்கு வருகிறது. இந்த ஒரு செய்திக்காகவே நான் அங்கே போனேன். அந்தப் பக்கம் முழுக்கப் பருத்த பொந்தன்புளி மரங்கள். ராமநாதபுரத்தில் ஒன்றிரண்டு பார்த்து வளர்ந்த எனக்கு, குன்று முழுக்க அவை நிற்பதைப் பார்த்தபோது பேச்சே வரவில்லை.

ஒலிஃபண்ட்ஸ் முகாமுக்குப் பக்கத்தில் பலூலே என்று சின்ன முகாம், ஆறு வட்டக் குடிசை. அன்றைய காலத்தில் கறுப்பினப் பயணிகளுக்கென்று ஒதுக்கியிருந்த இடம் அது. இன்றும் மின்சாரம் கிடையாது. எட்டு இரவில் வடக்கே போக நேரம் இருக்காது, தெரியும். ஆனால் உங்கள் மகளுக்கு இதையும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

---

நிலாமுற்றம் | நவம்பர் 20

குடும்பத்தோடு சந்தோஷமாகப் போகிறவர்களிடம் இந்த வரலாறெல்லாம் எதற்கு? அவர்கள் கேட்டது முகாமும் வண்டியும்தானே.

---

சோலையாறு | நவம்பர் 21

நிலாமுற்றம், என் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறீர்கள், நன்றி. ஆனால் அதைப் படித்ததும் அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எஸ்டேட் வருவதற்கு முன்னால் ஆனைமலைக் காட்டில் இருந்த காடர்களைப் பற்றி, நான் இதுவரை கேட்டிராத சிலவற்றைச் சொன்னார். பொந்தன்புளி சொன்னது எங்களுக்கு வேண்டியதாகவே இருந்தது.

---

சோலையாறு | அக்டோபர் 11

போய் வந்துவிட்டோம்!

முதல் நாள் விமானத்திலிருந்து இறங்கியதும் நேராகக் கிளம்பினோம். நெல்ஸ்ப்ரூட்டில் அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் வாங்கிக்கொண்டு, குரோகடைல் பிரிட்ஜ் வாசலுக்கு மூன்றே முக்காலுக்கு வந்தோம். ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள் என்பதால் கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்து முகாம் 35 கி.மீ. கூட இல்லை. ஆனால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே யானை.

தனி ஆண் யானை. சாலையோரத்தில் மரக்கிளையை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. கணவர் வண்டியை நிறுத்திவிட்டார். யாரும் பேசவில்லை. அப்பாதான் மெதுவாக ஆரம்பித்தார். "காதைப் பாரு, முறம் இல்ல, அது ஒரு பெரிய வாழை இலை. முதுகு நம்ம யானைக்கு மேடா இருக்கும், இதுக்கு நடுவுல குழியுது பாரு." மகள் தும்பிக்கை நுனியைப் பைனாகுலரில் பார்த்து, "தாத்தா, ரெண்டு விரல் இருக்கு" என்றாள். நம் யானைக்கு ஒன்றுதான் என்று அவர் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்தபோது பெண் யானைகளுக்கும் நீளமான தந்தம் இருப்பதைப் பார்த்து அதிசயித்துப் போனார். நம் ஊரில் பெண் யானைக்குத் தந்தம் வெளியே தெரிவதில்லை அல்லவா.

லோயர் சாபியில் இரண்டாம் நாள் மாலை நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். மரத்தளத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிர்க்கரை நாணல் அசைந்தது. முதலில் ஒரு கிழப் பெண் யானை, பின்னால் ஒன்றொன்றாக முப்பத்தேழு. எண்ணியது மகள். குட்டிகள் ஆழத்துக்குப் பயந்து நின்றன, பெரியவை இருபக்கமும் நின்று அணைத்துக் கடத்தின. ஒரு குட்டி மட்டும் திரும்பி ஓடியது. கிழவி பாதி ஆற்றில் நின்றுவிட்டாள். கூட்டமே நின்றது. அது வந்து சேரும் வரை ஒருத்தியும் நகரவில்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊர்லயும் இப்படித்தான் நிக்கும். நாங்கதான் வெடி போட்டு விரட்டுவோம்" என்றார். அதன்பின் அன்று அவர் பேசவில்லை.

அதே க்ரூகரில் யானை அதிகமாகிவிட்டது என்று 1967 தொடங்கி 1994 வரை 14,000 யானைக்கு மேல் சுட்டார்கள் என்பதைத் திரும்பி வந்த பிறகு படித்தேன். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

சதாராவில் சிங்கம். விடியற்காலையில் எஸ்100 மண் சாலையில் ஏழு சிங்கம், நடுச்சாலையில் படுத்திருந்தன. முந்தைய இரவு முகாமிலிருந்தே அவற்றின் கர்ஜனை கேட்டது, அம்மா ஜன்னலை மூடச் சொன்னார். சதாராவுக்குப் போகும் வழியில், 1903இல் வோல்ஹூட்டர் என்ற வனக்காவலரைச் சிங்கம் இழுத்துப்போக, அவர் கத்தியால் அதைக் கொன்று தப்பிய இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. அந்தக் கத்தியையும் சிங்கத் தோலையும் ஸ்குகூசா நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். மகள் அதன் முன்னாலிருந்து நகர மறுத்துவிட்டாள்.

சிறுத்தை பார்க்கவில்லை. கார்முகில் மன்னிக்கவும், தனியார் காப்பகத்துக்குப் பணம் இடம் கொடுக்கவில்லை. லேக் பானிக்கில் இரண்டு காலை உட்கார்ந்தோம். பனங்காடை, உங்கள் பறவையை முதல் நாளிலேயே மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

செய்த தவறு ஒன்று: மாலை வழிகாட்டி வண்டிக்கு ஐந்து பேருக்கும் பதிவு செய்திருந்தேன். அது லாரி உயரம், இரும்புப் படியில் ஏற வேண்டும். அப்பா முழங்காலோடு அதில் ஏறத் திணறினார், பாதியில் இறங்கிவிட்டார். அவரும் அம்மாவும் முகாமிலேயே இருந்தார்கள். மூட்டுவலி உள்ளவர்களோடு போகிறவர்கள் வண்டியின் படியைப் பற்றி முன்பே கேளுங்கள்.

---

பனங்காடை | அக்டோபர் 11

முப்பத்தேழு என்று எண்ணிய அந்தக் குழந்தைக்கு என் அன்பு. அடுத்த தடவை ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து அனுப்புங்கள்.

---

நிலாமுற்றம் | அக்டோபர் 12

அழுதுகொண்டே படித்தேன். அக்கா, என் மாமியாரும் சைவம். அம்மா சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? நாங்கள் ஜனவரியில் போகலாமா என்று யோசிக்கிறோம்.

---

சோலையாறு | அக்டோபர் 12

அம்மாவிடமே கேட்டு எழுதுகிறேன். குடிலில் அடுப்பு, பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருந்தன. சின்ன குக்கர் மட்டும் நாங்கள் கொண்டுபோனோம். காலையில் தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு கிளம்புவோம். ட்ஷொக்வானே போன்ற இறங்கி உட்காரக் கூடிய இடங்களில் சாப்பிட்டோம். குரங்கு வரும், தட்டை விட்டுக் கையெடுக்கக் கூடாது. பல குடில்களில் சமையலிடம் வெளித்திண்ணையில் இருக்கிறது, உணவுப் பொருளை வெளியே வைத்துவிட்டுப் போகவே கூடாது என்று அம்மா கண்டிப்பாக எழுதச் சொன்னார். டர்பன் மசாலாப் பொடி கடையில் கிடைக்கிறது. காரம் நம் அளவுக்கே இருந்தது.

---

ஜோபர்க்வாசி | அக்டோபர் 13

ஜனவரி மழைக்காலம். புல் உயர்ந்திருக்கும், எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் ஆற்றுக்கு வராது, வெயில் கடுமை, மலேரியாவும் அதிகம். ஆனால் இம்பாலா மான் குட்டிகள் நிறைய இருக்கும், வெளிநாட்டிலிருந்து வலசை வந்த பறவைகள் இருக்கும், காடே பச்சையாக இருக்கும். கனமழை பெய்தால் மண் சாலைகளை மூடிவிடுவார்கள், எனவே தார்ச்சாலை முகாம்களாகப் பாருங்கள். மாமியாருக்கு என்ன வயது, எத்தனை இரவு, நடக்க முடியுமா என்று சொல்லுங்கள், அதற்கேற்ற முகாமை எழுதுகிறேன்.